ஆட்டம் வந்தால் தூங்கிப்போகும் பெட்டி

போன வாரம் கருவி செய்யும் இளைஞர்களான உங்களில் ஒருவர், போர்ட் பிளேர் விமான நிலையத்தை ஒட்டிப் பத்துபஸ்தியில் இருக்கும் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பட்டியல். நாலு சிப்புகளை வரிசையாக நிறுத்தி, வேகம் எவ்வளவு, நினைவகம் எவ்வளவு, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும், எத்தனை கருவிகளோடு பேசும் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார். "மேடம், தீவுக்குத் தீவு பேசிக்கிற மாதிரி ஒரு கருவி செய்யப்போறோம். இதுல எதை எடுக்கலாம்?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் எங்கள் கூரைக்கு மேலே இறங்கியதால் நான் சொன்ன பதில் அவர் காதில் விழவில்லை. நல்லதாகப் போயிற்று. அது அவ்வளவு மரியாதையான பதில் இல்லை.

பாவம், பிள்ளை டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அதனால் அந்தப் பதிலைக் கழுவித் துடைத்து உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் எதையாவது ஒன்றை எடுத்துத் தொலையுங்கள், நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

முதலில் என்னைப் பற்றி ஓர் உண்மை. நான் பகல்கனவுக்காரி. நான் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் பட்டறை போர்ட் பிளேரில் அபர்டீன் பஜாருக்கு மேலே, மேட்டில் இருந்தது. கீழே ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் இரைந்துகொண்டே இருக்கும். கூரைகளைத் தாண்டிக் கடல் ஒரு விரற்கடை அகலத்துக்குத் தெரியும். அந்த விரற்கடைக் கடல் போதும் எனக்கு. கையில் சால்டரிங் அயர்னைப் பிடித்தபடியே எங்கேயோ போய்விடுவேன். "சேச்சி, திரும்பி வாங்க, புகையுது" என்று பக்கத்து மேஜையிலிருந்து குரியன் கத்துவான். கேரளத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் போர்ட் பிளேர். என்னைவிடப் பத்து வயது இளையவன். என்னைத் தரைக்குக் கொண்டுவருவதை அவன் அலுவலக வேலைகளில் ஒன்றாகவே வைத்திருந்தான்.

சுனாமி வந்துபோய் மூன்று வருடம் இருக்கும். தெற்கே நிக்கோபார் பக்கத்துத் தீவுகளுக்கு ஒரு எச்சரிக்கை ஏற்பாடு செய்யச் சொல்லி எங்களுக்கு வேலை வந்தது. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் கடல்மட்டத்தை அளக்கும் ஒரு கருவி. அது அளந்ததை ரேடியோ வழியாகப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்குச் சொல்லும். கடல் திடீரென்று உள்வாங்கினாலோ ஏறினாலோ அந்தப் பெட்டி கம்பத்து சைரனைக் கத்தவைக்கும். அதே பெட்டி சாட்டிலைட் வழியாக எங்களுக்கும் விவரம் அனுப்பும். முதல் பெட்டி கச்சால் தீவுக்கு. அது சரியாக வந்தால் மற்ற தீவுகளுக்கும் அதே மாதிரி.

கச்சால் எனக்குத் தெரியாத ஊர் இல்லை. இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் சில குடும்பங்களை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். எங்கள் குடும்பம் அதில் ஒன்று. அப்பா பால் வெட்டினார், நான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், உட்கார்ந்து படித்தேன். படிப்பு என்னை போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தது. அப்பா ஓய்வு பெற்றதும் அவரையும் இங்கே கூட்டிக்கொண்டேன். ஆகவே கடல் வந்த அன்று நாங்கள் அங்கே இல்லை. அங்கே இருந்தவர்களில் பலர் இப்போது இல்லை.

பள்ளிக்கூடத்துப் பெட்டிக்குள் எந்தச் சிப்பை வைப்பது என்பதில்தான் எனக்கும் குரியனுக்கும் தகராறு. அவன் சொன்னது சின்னது. ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று அதில் கிடையாது. நாமே எழுதுகிற ஒரு குட்டி புரோகிராம், அதையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கும். நான் சொன்னது பெரியது. கம்ப்யூட்டரில் ஓடுவதுபோல முழு சிஸ்டம் ஓடும். திரை வைக்கலாம். இங்கிருந்தே உள்ளே போய் புரோகிராமை மாற்றலாம். கச்சால் கடலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து அனுப்பிக்கொண்டே இருக்கும்.

"சைரன கத்த வைக்க இவ்ளோ பெரிய மூளை எதுக்கு சேச்சி? சோட்டாவாலா போதும்."

"சின்னதுல திரை வருமா?"

"திரை யாருக்கு? ஸ்கூல் பசங்களுக்கா, உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"பொய் சொல்லாதீங்க" என்று சிரித்தான்.

பொய்தான். அது எனக்குத்தான். நான் வளர்ந்த தீவின் கடல் மூச்சு விடுவதை அபர்டீன் பஜாருக்கு மேலே உட்கார்ந்து பார்க்கலாம் என்பதே என் ஆசை. ஆனால் ஆசையை யாராவது ஃபைலில் எழுதுவார்களா? நானும் உங்களைப் போலவே ஒரு பட்டியல் போட்டேன். வேகம், நினைவகம், வசதி, எதிர்காலம் என்று கட்டம் கட்டமாக. என் சிப் எல்லாக் கட்டத்திலும் ஜெயித்தது. ஜெயிக்காமல் எங்கே போகும், கட்டம் போட்டவள் நான் அல்லவா!

பெரிய சிப்புக்குப் பசியும் பெரிது. அதையும் திரையையும் நாள்கணக்கில் ஓட்டக்கூடிய பேட்டரி பெட்டிக்குள் அடங்கவில்லை. பரவாயில்லை, பள்ளிக்கூடத்தில் இன்வர்ட்டர் இருக்கிறது, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கப்பலில் போனோம். கச்சாலுக்குப் போகும் கப்பலில் நேரம் என்பது கிடையாது. தூக்கம், கடல், தூக்கம், கடல், நடுவில் ஒரு தட்டு சோறும் பருப்பும். டெக்கில் படுத்தால் வானம்தான் நகர்கிறது, கப்பல் நிற்கிறது என்று தோன்றும். யாரோ வங்காளத்தில் பிள்ளையைத் தாலாட்டுவார்கள், யாரோ தெலுங்கில் சீட்டாடுவார்கள், எல்லாம் ஒன்றாகக் கலந்து காதுக்குள் இறங்கும். கண்விழித்தபோது கச்சால் முன்னால் நின்றது. கடலுக்குள்ளே தென்னைமரங்கள் மொட்டை மொட்டையாக நின்றுகொண்டிருந்தன. அந்த நிலநடுக்கத்தில் தீவே சில அடி கீழே இறங்கியிருந்தது. நான் விளையாடிய இடத்தில் இப்போது மீன்கள் இருந்தன. நான் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன்.

பள்ளிக்கூடம் தகரக் கொட்டகை. கடலிலிருந்து கூப்பிடு தூரம். பின்னால் ரப்பர் மேடு. அங்கே ஆயாவாக இருந்தவள் பாக்கியம். பெருக்குவது, சமைப்பது, மணி அடிப்பது, பூட்டித் திறப்பது எல்லாம் அவள்தான். எங்கள் லயத்துப் பெண். நான் ஊரை விட்டு வந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய புருஷனையும் சின்ன மகனையும் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் ஒரே மகள் சுமதி, அதே பள்ளியில் நாலாம் வகுப்பு.

அங்கே தரை நிம்மதியாக இருந்ததே இல்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது லேசாக ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாக்கியம் பிள்ளைகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவாள். மழையில் வழுக்கி ஒரு பையனுக்குக் கை முறிந்திருந்தது. பாடமே நடப்பதில்லை என்று ஹெட்மாஸ்டருக்குக் கவலை. அதனால்தான் பெட்டியை எல்லோரும் அவ்வளவு ஆசையாக எதிர்பார்த்தார்கள்.

நான் பெட்டியைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தபோது பாக்கியம் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தாள்.

"ஆட்டம்னா மொதல்ல மெயின இழுத்துருவேன் அக்கா. அப்புறம் பெல்லு. அப்புறம் புள்ளைங்கள தள்ளிக்கிட்டு மேல ஓட்டம்தான். அன்னிக்கி ஆட்டத்துல வயரு அறுந்து விழுந்து லயத்துல நெருப்பு புடிச்சிச்சுல்ல? அதுலருந்து யாரும் கரண்ட விட்டுட்டு ஓடறதில்ல. மெயின இழுத்தா இன்வர்ட்டரும் சேந்து பந்த் ஆயி நின்னுரும். வயர்மேன் தாதா, பெங்காலி அண்ணன், அப்பிடி வெச்சி குடுத்துட்டாரு, ஒரே கைப்பிடி."

"ம்" என்றேன்.

கேட்டீர்களா? எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என் பட்டியலில் இல்லாத ஒரே விவரத்தை, நான் கேட்காமலே, என் காதுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். நானோ ஜன்னல் வழியாக ரப்பர் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எந்த வரிசையில் பால் வெட்டினார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "ம்" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

பெட்டியில் திரை ஒளிர்ந்தது. பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். "இதோ, இதான் நம்ம கடல்" என்று கோட்டைக் காட்டினேன். சுமதி திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரல் ஈரமாகவில்லையே என்று சிரித்தாள்.

"அப்ப இனிமே ஓட வேணாமா அக்கா?" என்று பாக்கியம் கேட்டாள்.

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓட வேணாம். வெளிய வந்து நில்லுங்க. கடல் வர்றதா இருந்தா இது கத்தும். கத்துனா ஓடுங்க."

"நெசமாவா?"

"நான் சொல்றேன்ல?"

அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பின் சில மாதங்கள் நான் மிதந்துகொண்டுதான் இருந்தேன். காலையில் வந்ததும் திரையைப் போடுவேன். கச்சால் கடல் கோடாக வந்து நிற்கும். ஏறும், தயங்கும், இறங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொக்கும். முழுநிலவு நாட்களில் கோடு கொஞ்சம் அதிகமாக எம்பும். எனக்குப் பிடித்த பாடலைக் கேட்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "சேச்சிக்கு டிவி கெடச்சாச்சு" என்பான் குரியன். மற்ற தீவுகளுக்கான பெட்டிகளுக்கும் அதே சிப்புக்கு ஆர்டர் போயிற்று.

பிறகு ஒரு நாள் காலை, பத்து மணி போல, தரை ஆடியது.

லேசான ஆட்டம் இல்லை. அலமாரியிலிருந்து டப்பாக்கள் விழுந்தன. மேலே தொங்கிய விளக்கு ஊஞ்சலாடியது. "பூகம்ப்! பாஹர்!" என்று யாரோ எல்லோரையும் வெளியே ஓடச் சொல்லிக் கத்தினார்கள். நான் எழுந்தேன், கதவுக்குப் பக்கத்தில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன், வெளியே ஓடினேன். முற்றத்தில் எல்லோரும் நின்றோம். தரை ஒருவழியாக அடங்கியது. காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. யாரோ சிரிக்க முயன்றார்கள்.

நான் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெயின் சுவிட்சை இழுத்த கை. யோசித்து இழுக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவுகளில் யாரும் யோசித்து இழுப்பதில்லை, கை தானாகப் போகிறது. இதே ஊரில் டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் என் தங்கையும் இந்நேரம் இழுத்திருப்பாள். கச்சாலில் பாக்கியமும் இழுத்திருப்பாள்.

"குரியன்" என்றேன். "பாக்கியம் இப்ப மெயின இழுத்திருப்பா."

"சரி, ஓடியும் இருப்பாங்க."

"ஓடியிருக்க மாட்டா. நான் ஓடாதேன்னு சொல்லியிருக்கேன். வெளிய நின்னு பெட்டி கத்துதான்னு பாத்துக்கிட்டு இருப்பா."

அவன் முகம் வெளுத்துப்போனது. "அரே சேச்சி..." என்றான்.

எங்கள் பெட்டி கரண்ட் போனால் உடனே செத்துவிடும். மறுபடி கரண்ட் கொடுத்தாலும் அந்தப் பெரிய சிஸ்டம் எழுந்து உட்கார இரண்டு நிமிடம் ஆகும். எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று நின்றிருந்தால் எழாமலே போகலாம். சைரனுக்குத் தனி பேட்டரி இருந்தது, ஜெட்டிக் கருவிக்கு சோலார் இருந்தது. இரண்டுக்கும் நடுவில், 'கத்து' என்று சொல்ல வேண்டிய பெட்டி மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும். ஊருக்கு அது தேவைப்படுகிற அந்த ஒரு நேரத்தில், அதைத் தூங்கவைப்பது எல்லோருக்கும் பழக்கம். இதைத் தெரியாதவள் நான் இல்லை. நானும் அந்தப் பழக்கத்துக்காரிதான்.

போன் எதுவும் போகவில்லை. ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று நினைத்ததில்லை. போலீஸ் வயர்லெஸ் அறைக்குப் போய், கச்சாலுக்குச் செய்தி அனுப்புங்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உடனே மேட்டுக்கு ஏற்றச் சொல்லுங்கள், பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். வயர்லெஸ் ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிஸ்கா ஆர்டர் ஹை, மேடம்?" யாருடைய உத்தரவு என்று கேட்டார். அப்படி ஓர் உத்தரவு போட எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. எங்கள் டைரக்டரைக் கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு, அதெல்லாம் முடிய மதியம் ஆகிவிடும்.

"மேரா" என்றேன். என்னுடையது. பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

பதில் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. 'பிள்ளைகள் மேலே. கடல் அமைதி' என்று வந்தது. அன்று அலை வரவில்லை. வராதது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

அடுத்த கப்பலில் கச்சாலுக்குப் போனேன். இந்த முறை தூக்கமே வரவில்லை. பாக்கியம் சண்டை போடுவாள், கத்துவாள், அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று மனத்தைத் தயார்செய்து வைத்திருந்தேன். அவளோ எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

"நின்னோம் அக்கா. நீங்க சொன்னீங்கன்னு நின்னோம். சுமதி என் கைய புடிச்சி இழுக்குறா, அம்மா போவலாம், அம்மா போவலாம்னு. நான்தான், சும்மா இருடி, அக்காவோட பொட்டி சொல்லும்னு கன்னத்துல ஒண்ணு வெச்சேன். ரொம்ப நேரம் நின்னோம். அப்புறம் போலீஸ்காரரு ஓடியாந்து சொன்னாரு, ஓடுங்கன்னு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். டீ டம்ளரைக் கீழே வைத்தேன். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன். பாக்கியம் பயந்துபோய், "ஒண்ணும் ஆவலியே அக்கா, ஏன் அழுவுறீங்க?" என்று என் முதுகைத் தடவினாள். ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்து டைரக்டரிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான், ஆனால் திறப்புவிழாவுக்கு ஒரு பெரிய மனிதரிடம் தேதி வாங்கிவிட்டார். மற்ற பெட்டிகள் பாதி தயார். அவர், "சிம்பிள் ஹை மேடம்ஜி. ஏக் காகஸ் சிப்கா தோ" என்றார். மெயினை அணைக்காதே என்று ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடு, அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபத்துக்கு முன்னால் ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. என் சிப் தப்பித்துவிடும், என் கோடு தப்பித்துவிடும், தப்பு ஆயா தலையில் போய்விடும். அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"சார், நெருப்பைப் பார்த்தவள் அந்தக் கைப்பிடியை இழுக்கிறாள். காகிதத்தைப் பார்த்து நிறுத்துவாளா? நிறுத்தத்தான் வேண்டுமா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"அப்படியானால் பெட்டிக்கு மட்டும் தனி லைன் இழுத்துவிடுங்கள்."

இதற்குக் குரியன்தான் பதில் சொன்னான். அவனும் என்னோடு வந்திருந்தான். "மெயினை இழுத்தா எல்லாம் செத்துடுச்சுன்னு நம்பித்தான் சார் அவங்க உள்ள கை வைப்பாங்க. அதுக்கப்புறமும் சுவத்துல ஒரு வயர் உயிரோட இருந்தா, அது அவங்கள கொல்லும்."

கட்டடத்துக் கரண்டையே நம்பாத ஒரு பெட்டிதான் வழி. அதற்குக் குரியனின் சோட்டாவாலாதான் வழி. உள்ளங்கை அளவு பேட்டரியில் வாரக்கணக்கில் விழித்திருக்கும். ஒருவேளை தூங்கினாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடும். எழுதுவதற்கு ஒன்றும் இல்லாததால் கெட்டுப்போகவும் ஒன்றும் இல்லை. ஜெட்டி சொல்வதைக் கேட்பதும் சைரனைக் கத்தவைப்பதும் அதன் பொறுப்பு. என் பெரிய சிப் பக்கத்தில் இருந்து படம் வரைந்து போர்ட் பிளேருக்கு அனுப்பட்டும். அது தூங்கிப்போனால் நான் பார்க்கிற கோடு போகும், உயிர் போகாது.

தேர்வு தவறு, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். திறப்புவிழா தள்ளிப்போனது. எனக்கு ஒரு மெமோ வந்தது. குரியன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "ஃபிரேம் போட்டு மாட்டலாமா சேச்சி?" என்று கேட்டான். அவனுக்கு நான் நன்றி சொல்லவில்லை. முன்பே சொன்னேனே என்று அவன் ஒரு முறைகூடச் சொன்னதில்லை, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பட்டியலோடு வந்த பிள்ளையே, என் பதில் இதுதான். உன் கட்டங்களில் எதுவும் தப்பில்லை. ஆனால் ரொம்ப மோசமான நேரம் ஒன்று வரும். அந்த நேரத்தில் உன் கருவிக்குப் பக்கத்தில் நிற்பவர் யார், அவர் கை எங்கே போகும், அதைப் போய்ப் பார்த்துவிட்டு வா. அவர் பேசும்போது ஜன்னலைப் பார்க்காதே. அதற்கப்புறம் சிப்பைப் பற்றிப் பேசுவோம்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் பெரிய புத்திசாலியாகத் தெரிவேன். நிறுத்த மனம் வரவில்லை.

புதிய பெட்டியை மாட்ட மறுபடியும் கச்சாலுக்குப் போனேன். இந்த முறை எல்லோரையும் உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னேன். "ஆட்டம்னா ஓடுங்க. பெட்டிய பாக்காதீங்க, எனக்காகவும் காத்திருக்காதீங்க. ஆட்டமே தெரியாம எங்கியோ தூரத்துலருந்து கடல் வர்றதும் உண்டு, அதுக்குத்தான் இந்தப் பெட்டி. அது கத்துனாலும் ஓடுங்க." பாக்கியம் தலையாட்டினாள். பெட்டியில் இப்போது திரை கிடையாது. ஒரு பச்சைப் புள்ளி மட்டும், சில விநாடிக்கு ஒரு தடவை மினுங்கும். விழித்திருக்கிறேன் என்று அர்த்தம். சுமதிக்கு ஏமாற்றம், கடல் எங்கே என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மழை பெய்து ஓய்ந்த காலை. தகரத்திலிருந்து சொட்டும் சத்தம், பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம், நான் சுவரில் சாய்ந்து பாதிக் கண் மூடியிருந்தேன். தரை உருண்டது. ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது, பாக்கியம் மெயினை இழுத்துவிட்டாள். மணி அடித்தது. பெஞ்சுகள் சரிந்தன. ஒரு நிமிடத்துக்குள் கொட்டகை காலி.

நான் மட்டும் நின்றேன். பெட்டிக்கு முன்னால், இருட்டில், அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு. மினுங்கியது. மறுபடி மினுங்கியது. விழித்திருக்கிறது, விழித்திருக்கிறது என்று உள்ளுக்குள் பாடிக்கொண்டிருந்தேன். ஆட்டம் நின்றுபோனதோ, வெளியே சத்தமே இல்லாமல் போனதோ எனக்குத் தெரியவில்லை. உலகத்தில் அந்தப் புள்ளியும் நானும்தான் இருந்தோம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

என் மணிக்கட்டை யாரோ இறுகப் பிடித்தார்கள்.

"பைத்தியமா உங்களுக்கு? பொட்டிய பாக்காத, ஓடுன்னு எங்களுக்குச் சொல்லிட்டு, இங்க நின்னு பூஜையா பண்றீங்க? வாங்க மேல!"

என்னை அக்கா என்பதைத் தவிர வேறு சொல் சொல்லாதவள், அன்று வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே இழுத்துப் போனாள். சேற்றில் இரண்டு முறை விழுந்தேன். இரண்டு முறையும் தூக்கி நிறுத்தி, சேற்றைத் துடைக்காமல் திட்டை மட்டும் தொடர்ந்தாள். சைரன் கத்தவில்லை. கடல் வராது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

மேட்டில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுமதி மட்டும் எழுந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். அம்மா தன்னை விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனதைப் பார்த்த குழந்தை வேறு என்ன செய்யும்?

"இவள விட்டுட்டு எதுக்குக் கீழ வந்த?" என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மேல வந்ததும் எண்ணுவேன் அக்கா. எண்ணுனேன். ஒண்ணு கொறஞ்சிச்சு."

நான் பிள்ளைகளைப் பார்த்தேன். ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அவர் தலையசைத்தார். எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று.

பாக்கியம் என் தோளைப் பிடித்து அமுக்கி, வரிசையின் கடைசியில், சுமதிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிறகு முன்னால் போய் நின்று, முதலிலிருந்து மறுபடியும் எண்ண ஆரம்பித்தாள்.